எல்லாத் தேர்விலும் தேர்ச்சி. கண்ணில் தோல்வி: விமானப் படைக் கனவைக் கலைக்கும் பார்வைத் தகுதி

புது தில்லி: தில்லி கன்டோன்மென்ட் பகுதியில் உள்ள சுப்ரதோ பார்க்குக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து சேர்கின்றனர். கையில் சான்றிதழ்கள் அடங்கிய கோப்பு. மனதில் பள்ளிப் பருவம் முதல் வளர்த்த ஆசை. விமானப் படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் பெயரைத் தாங்கிய இந்தப் பகுதியில்தான் விமானப் படையின் மத்திய மருத்துவ நிலையம் இயங்குகிறது. போர் விமானியாக விரும்புவோர் கடக்க வேண்டிய கடைசி வாசல்களில் இது ஒன்று. மற்றொன்று பெங்களூரில் உள்ள விமான, விண்வெளி மருத்துவ நிறுவனம்.

இந்த வாசல் வரை வந்து சேர்வதே பெரிய சாதனைதான். பிளஸ் 2 முடித்தவர்களுக்கான தேசியப் பாதுகாப்புக் கழக (என்.டி.ஏ.) நுழைவுத் தேர்வை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. லட்சக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் இத்தேர்வின் அண்மைக்கால அறிவிக்கைகளில், விமானப் படையின் பறக்கும் பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 92 மட்டுமே. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண்கள். அதில் தேறியவர்களுக்குத் தேர்வு வாரியத்தின் முன் சுமார் ஐந்து நாள் நடைபெறும் ஆளுமைத் தேர்வுக்கு மேலும் 900 மதிப்பெண்கள். விமானத்தை இயக்கும் இயல்பான திறன் உள்ளதா என்பதைக் கணினி வழியாகக் கண்டறியும் தேர்வு வேறு. அதில் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு.

இத்தனையையும் வென்று வந்த இளைஞர், ஆறு மீட்டர் தொலைவில் உள்ள எழுத்துப் பலகையின் முன் தடுமாறுகிறார். கடைசி வரி மங்கலாகத் தெரிகிறது. அத்துடன் பறக்கும் பிரிவின் கதவு மூடிக்கொள்கிறது.

இதில் வேதனை என்னவென்றால், இந்த விதி ரகசியமானது அல்ல. ஒவ்வொரு அறிவிக்கையின் பின்னிணைப்பிலும் அது அச்சிடப்பட்டுள்ளது. தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் முன்பே கண் மருத்துவரிடம் கால் மணி நேரம் செலவிட்டிருந்தால், அந்தக் குறை அப்போதே தெரிந்திருக்கும். பல ஆண்டு உழைப்பும் பயிற்சி மையங்களுக்குக் கட்டிய பணமும் கடைசிக் கட்டத்தில் வீணாகாமல் தவிர்த்திருக்கலாம்.

விதி சொல்வது என்ன?

பறக்கும் பிரிவில் சேர ஒரு கண்ணில் 6/6, மற்றொரு கண்ணில் 6/9 என்ற அளவுக்குக் கண்ணாடி இல்லாமலேயே பார்வை இருக்க வேண்டும். குறைவாக உள்ள அந்தக் கண்ணும் கண்ணாடி அணிந்தால் 6/6 அளவை எட்ட வேண்டும். இந்தச் சலுகையும் தூரப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே. கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர், வெளிப்படையாக இருக்கவே கூடாது. கருவி கொண்டு அளக்கும்போது மட்டும் தென்படும் கிட்டப்பார்வை எனில் மைனஸ் 0.5 வரை ஏற்கப்படும். தூரப்பார்வை பிளஸ் 2 வரை இருக்கலாம். அந்த வரம்புக்குள், சிதறல் பார்வை 0.75 வரை அனுமதிக்கப்படுகிறது. வழக்கமாகக் கண்ணாடி அணிபவர்கள் விமானப் படைக்குத் தகுதியற்றவர்கள் என்று என்.டி.ஏ. அறிவிக்கை வெளிப்படையாகவே கூறுகிறது.

6/6 என்பது 1862-ஆம் ஆண்டு நெதர்லாந்து கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்த எழுத்துப் பலகையின் அளவு. இயல்பான கண் 6 மீட்டர் தொலைவில் படிக்கக்கூடிய எழுத்தை, நாமும் 6 மீட்டரில் நின்று படித்தால் அது 6/6. இயல்பான கண் 9 மீட்டரில் நின்றே படித்துவிடும் எழுத்தை நாம் 6 மீட்டருக்கு நெருங்கி வந்துதான் படிக்க முடிகிறது என்றால் அது 6/9.

ஏன் இந்தக் கடுமை?

ரேடாரும் ஏவுகணையும் கண்ணுக்கு எட்டாத தொலைவிலேயே எதிரியைக் கண்டுபிடித்துவிடும் இக்காலத்தில், விமானியின் கண்ணுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்ற கேள்வி எழலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் இரு விமானங்கள் நேருக்கு நேர் வருவதாகக் கொள்வோம். அவற்றுக்கு இடையிலான தூரம் விநாடிக்குச் சுமார் 555 மீட்டர் குறைகிறது. 10 கிலோமீட்டர் இடைவெளி 18 விநாடிகளில் தீர்ந்துவிடும். வானில் தெரியும் சிறு புள்ளி விமானமா, பறவையா, நண்பனா, எதிரியா என்று முடிவெடுக்க அந்த 18 விநாடிகளில் ஒரு பகுதிதான் விமானிக்குக் கிடைக்கிறது. சில மீட்டர் இடைவெளியில் அணிவகுத்துப் பறப்பது, நடுவானில் மற்றொரு விமானத்திலிருந்து எரிபொருள் நிரப்பிக்கொள்வது, இரவில் ஓடுபாதையில் இறங்குவது ஆகியவை எல்லாம் இன்றும் கண்ணை நம்பித்தான் நடைபெறுகின்றன.

கண்ணாடி அணிந்துகொண்டால் என்ன? போர் விமானம் திடீரெனத் திரும்பும்போது விமானியின் உடல் எடை 9 மடங்கு வரை அதிகரித்ததுபோல் அழுத்தம் ஏற்படும். 30 கிராம் எடையுள்ள மூக்குக்கண்ணாடி அப்போது 270 கிராம் கனக்கும், மூக்கிலிருந்து நழுவும். தலைக்கவசம், ஆக்சிஜன் முகமூடி ஆகியவற்றுக்கு இடையே கண்ணாடி பொருந்தி நிற்பதே கடினம். ஆவி படிந்தால் துடைக்க வழியில்லை. ஆபத்து நேரத்தில் இருக்கையுடன் வெளியே தூக்கி எறியப்படும்போது கண்ணாடியே காயத்துக்குக் காரணமாகலாம்.

தூரப்பார்வைக்கு ஓரளவு சலுகையும் கிட்டப்பார்வைக்கு மறுப்பும் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. சிறிய அளவிலான தூரப்பார்வையை இளம் வயதில் கண் தானாகவே சரிசெய்துகொண்டு தொலைவில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்கும். கிட்டப்பார்வை உள்ள கண்ணுக்கு அந்த வசதி இல்லை. மேலும், பதின் வயதில் தொடங்கும் கிட்டப்பார்வை அந்த அளவோடு நிற்பதும் இல்லை. இருபது வயதைக் கடந்தும் கூடக்கூடும். இத்துடன் இன்னொரு சிக்கலும் உள்ளது. மேகமோ மலையோ இல்லாத வெற்று வானில் பார்வையை நிலைநிறுத்த எதுவும் இல்லாதபோது, நல்ல கண்ணும்கூடத் தன்னை அறியாமல் ஓரிரு மீட்டர் தொலைவில் குவிந்துவிடும். ஏற்கெனவே கிட்டப்பார்வை உள்ளவருக்கு இது இரட்டைச் சுமை.

பணியில் சேர்ந்த பிறகு விதி சற்று இளகுகிறது. வயது ஏறி வெள்ளெழுத்து வந்த அனுபவமிக்க விமானிகள், மருத்துவ வாரியத்தின் ஒப்புதலுடன் கண்ணாடி அணிந்து பறக்கின்றனர். பல ஆண்டுப் பயிற்சியும் பெரும் பொருட்செலவும் அவர்களை உருவாக்கியிருக்கின்றன. புதிதாக வருபவரைப் பொருத்தவரை, அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் அந்தக் கண் தாங்குமா என்பதே கேள்வி.

மனப்பாடம் பலிக்காது

எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை இளைஞர்களிடையே உள்ளது. அது பலிக்காது. விழியைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, அது திரும்பி வரும் விதத்தைக் கொண்டே மருத்துவர் பவரை அளந்துவிடுவார். தேர்வர் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. கான்டாக்ட் லென்ஸ் அணிந்து சென்றால் விளக்குக் கருவியில் உடனே தெரிந்துவிடும்.

6/6 மட்டும் இருந்தால் போதும் என்பதும் தவறு. இரு கண்களும் இணைந்து செயல்படுகின்றனவா, ஆழத்தையும் தொலைவையும் சரியாக உணர்கின்றனவா, மறைந்திருக்கும் மாறுகண் உள்ளதா, பக்கவாட்டுப் பார்வை எப்படி, விழித்திரை நலமாக உள்ளதா என்று சோதனைகள் தொடர்கின்றன.

நிறம் பிரித்தறியும் திறனுக்குத் தனிச் சோதனை உண்டு. பறக்கும் பிரிவுக்கு 'சி.பி. 1' என்ற மிக உயர்ந்த தரம் கேட்கப்படுகிறது. ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட வண்ணப் புள்ளி அட்டைகளும், சிறு துளை வழியே சிவப்பு, பச்சை, வெள்ளை ஒளிகளைக் காட்டும் மார்ட்டின் விளக்கும் இதற்குப் பயன்படுகின்றன. நிறக்குருடு பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வரும் பரம்பரைக் குறைபாடு. பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. அன்றாட வாழ்க்கையில் பெரிய தொல்லையும் இராது. இன்றைய நிலையில் அதைக் குணப்படுத்தும் வழக்கமான சிகிச்சை ஏதும் இல்லை.

இந்தத் தகுதிகள் பெண்களுக்கும் பொருந்தும். 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாயினர். உச்ச நீதிமன்றம் 2021-இல் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து என்.டி.ஏ.வின் கதவும் பெண்களுக்குத் திறந்தது. 2025 மே மாதம் முதல் அணியில் 17 பெண்கள் பயிற்சியை முடித்து வெளியேறினர். எனவே கண் பரிசோதனை பற்றிய கவலை இப்போது மகள்களைப் பெற்றோருக்கும் உரியதுதான்.

லேசர் சிகிச்சை: அவசரம் ஆபத்து

பவர் இருப்பது தெரிந்தவுடன் பல குடும்பங்கள் முதலில் நாடுவது லேசர் சிகிச்சையை. கருவிழியின் வடிவத்தை மாற்றிக் கண்ணாடியின் தேவையை நீக்கும் 'லாசிக்' முறைக்கு முன்பு ராணுவங்கள் தயக்கம் காட்டின. அமெரிக்க விமானப் படை 2007-இல் தன் விதியைத் தளர்த்தியது. இந்திய விமானப் படையும் இப்போது நிபந்தனைகளுடன் அதை ஏற்கிறது.

அந்த நிபந்தனைகள்தான் முக்கியம். 20 வயதுக்கு முன் சிகிச்சை செய்திருக்கக் கூடாது. சிகிச்சைக்குப் பின் குறைந்தது 12 மாதங்கள் எந்தச் சிக்கலும் இன்றிக் கடந்திருக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் பவர் 6-க்கு மேல் இருந்திருக்கக் கூடாது. கண்ணின் நீளம் 25.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், சிகிச்சைக்குப் பின் கருவிழியின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, அந்தப் பிரிவுக்குரிய பார்வை அளவும் இருந்தாக வேண்டும். கத்தியால் கருவிழியைக் கீறும் பழைய முறை அறுவைச் சிகிச்சையோ, கண்புரை அறுவைச் சிகிச்சையோ செய்துகொண்டவர்களுக்கு வாய்ப்பில்லை.

என்.டி.ஏ. வழியில் சேர உச்ச வயது 19 ஆண்டு 6 மாதம். லாசிக் செய்துகொள்ளக் குறைந்தபட்ச வயது 20. ஆக, என்.டி.ஏ. வழியில் லாசிக் உதவாது என்பது கணக்கிலேயே தெளிவாகிறது. பட்டப்படிப்பை முடித்து, ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு அல்லது விமானப் படைப் பொது நுழைவுத் தேர்வு (ஏ.எஃப்.கேட்.) வழியாக வருபவர்களுக்கே அது பயன்படக்கூடும். 18 வயதில் அவசரப்பட்டுச் சிகிச்சை செய்துகொள்ளும் இளைஞர், பட்டம் பெற்ற பிறகு கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பையும் தன் கையாலேயே அடைத்துவிடுகிறார். சிகிச்சையை மறைக்கவும் முடியாது. கருவிழியை வரைபடமாக எடுக்கும் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

கண் பயிற்சி செய்தால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம், குறிப்பிட்ட மருந்தைச் சாப்பிட்டால் பவர் குறையும் என்ற விளம்பரங்களிலும் இளைஞர்கள் பணத்தை இழக்கின்றனர். கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழிக்கோளம் இருக்க வேண்டிய நீளத்தைவிடச் சற்று நீண்டு வளர்ந்துவிடுவதால் ஏற்படுவது. நீண்டுவிட்ட கண்ணைப் பயிற்சியோ மருந்தோ குறுக்க முடியாது.

பத்து வயதில் தீர்மானமாகும் தகுதி

கண்ணின் இந்த வளர்ச்சி நடைபெறுவது பள்ளிப் பருவத்தில். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மைய வல்லுநர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தில்லி நகர்ப்புறத்தில் 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளில் 7.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வில், தில்லிப் பள்ளிக் குழந்தைகளிடையே அது 13.1 சதவீதமாக இருந்தது. இரண்டும் ஒரே முறையில் நடத்தப்பட்டவை அல்ல என்றாலும், போகும் திசை தெளிவாகத் தெரிகிறது.

அரசுப் பள்ளிகளைவிடத் தனியார் பள்ளிகளில் கிட்டப்பார்வை அதிகம் என்பதும், நாள்தோறும் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடும் குழந்தைகளிடம் அது குறைவு என்பதும் இரண்டாவது ஆய்வில் தெரியவந்தன. பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் புத்தகத்திலும் கைப்பேசித் திரையிலும் நீண்ட நேரம் கண் பதித்திருப்பதும், வெயில் படாமல் வீட்டுக்குள் அடைந்திருப்பதும் பெற்றோர் கையில் உள்ளவை.

இங்கேதான் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. பிள்ளை விமானியாக வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சிறப்பு வகுப்புகளுக்கு அனுப்பி, விளையாட்டு நேரத்தைப் பறித்துப் படிக்க வைக்கும் குடும்பம், விமானிக்கு வேண்டிய கண்ணை அந்த மேசையிலேயே இழந்துவிடக்கூடும்.

முதலில் செய்ய வேண்டியது

விமானப் படையில் பறக்க விரும்பும் மாணவர், எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பிலேயே கண் மருத்துவரிடம் முழுமையான பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கரும்பலகை தெரிகிறதா என்று பார்க்கும் பள்ளிச் சோதனை இதற்குப் போதாது. சொட்டு மருந்து விட்டுப் பவரை அளப்பது, வண்ண அட்டைச் சோதனை, இரு கண்களின் இணைப்புச் சோதனை ஆகிய மூன்றையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். கிட்டப்பார்வை தொடங்கிவிட்டால் அதன் வேகத்தைக் குறைக்க, குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து போன்ற வழிகள் இன்று உள்ளன. மருத்துவர் ஆலோசனையுடன் மட்டுமே அவற்றைப் பயன்படுத்த வேண்டும். வந்துவிட்ட பவரை அவை நீக்காது. மேலும் ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

உயரம், கால் நீளம், அமரும்போதுள்ள உயரம் ஆகியவற்றுக்கும் வரம்புகள் உள்ளன. பறக்கும் பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. இவற்றையும் வீட்டிலேயே அளந்துவிடலாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

மருத்துவ வாரியத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டு வாரியத்தை அணுக வழி உண்டு. அளவில் பிழை நேர்ந்திருந்தால் அங்கு நியாயம் கிடைக்கலாம். உண்மையிலேயே உள்ள கிட்டப்பார்வையை எந்த வாரியமும் மாற்ற முடியாது.

வானம் ஒன்றல்ல

பறக்கும் பிரிவு கைவிட்டுப் போனால் எல்லாமே போய்விட்டதாகப் பொருள் இல்லை. விமானப் படையின் தொழில்நுட்பப் பிரிவிலும் நிர்வாகப் பிரிவுகளிலும் பார்வை விதிகள் தளர்வானவை. குறிப்பிட்ட அளவு வரை கண்ணாடி அனுமதிக்கப்படுகிறது. ராணுவத்துக்கும் தனி வரம்பு உண்டு. சிவில் விமானிகளுக்குக் கண்ணாடி ஒரு தடையே அல்ல. கண்ணாடியுடன் உரிய பார்வை இருந்தால் பயணிகள் விமானத்தை இயக்கலாம். நிறம் பிரித்தறியும் திறன் மட்டும் அங்கும் அவசியம்.

விமானப் படையில் இடம் கிடைக்காமல் திரும்பியவர்களில் ஒருவரைத் தமிழகம் நன்கு அறியும். சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த ராமேசுவரத்து இளைஞர், டேராடூனில் நடந்த விமானப் படை நேர்காணலில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். அவரைத் தடுத்தது கண் அல்ல, ஓர் இடம். மனம் உடைந்து ரிஷிகேசம் சென்ற அவர், பிறகு தில்லி வந்து பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப இயக்ககத்தில் பணியில் சேர்ந்தார். ராக்கெட்டுகளும் ஏவுகணைகளும் பின்னர் வந்தன. 2006 ஜூன் 8-ஆம் தேதி புணே விமானப் படைத் தளத்தில், 74 வயதில், குடியரசுத் தலைவராக சுகோய்-30 போர் விமானத்தில் ஏறிப் பறந்தார் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

எல்லோருக்கும் அப்படி ஒரு நாள் வாய்க்காது. ஆனால் பதினான்கு வயதில் தன் கண்ணின் நிலையை அறிந்த மாணவருக்கு வேறு வழியைத் தேர்ந்தெடுக்கக் காலம் இருக்கிறது. சுப்ரதோ பார்க்கில் அதை முதன்முதலாக அறியும் இளைஞருக்கு அந்தக் காலம் மிஞ்சுவதில்லை. நுழைவுத் தேர்வுப் புத்தகத்தை வாங்குவதற்கு முன் கண்ணைப் பரிசோதித்துக்கொள்வதே அந்த இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லவேண்டிய முதல் பாடம்.